நாற்பத்தொரு மலை

வெள்ளையம்மாள் இடது உள்ளங்கையை மடிக்கணினியின் அடிவயிற்றில் கொடுத்து, கண்ணை மூடி, பத்து வரை எண்ணுகிறாள். மூடியைத் திறப்பதில்லை, திருப்புளியைத் தொடுவதில்லை. எண்ணி முடித்ததும் கண்ணைத் திறந்து, "ரெண்டு நாளா இது தூங்கவே இல்லியே" என்பாள். அல்லது, "மெத்தை மேல வெச்சிப் படம் பாத்தீங்களா?" என்பாள். எதிரில் நிற்பவர் திருடிப் பிடிபட்டவர்போல விழிப்பார். ஒருமுறை கையை வைத்த மாத்திரத்தில் அதன் கடவுச்சொல்லையே சொல்லிவிட்டாளாம். எமதர்மன் தன் ஏட்டையெல்லாம் கணினியில் ஏற்றி, அது நின்றுபோனால், எருமையை வெளியே கட்டிவிட்டு அவளிடம்தான் வரிசையில் உட்காருவானாம். இதில் முக்காலே மூன்று வீசம் மிகை. கடவுச்சொல்லைக் கழித்துவிடலாம், எருமையையும் அவிழ்த்துவிடலாம். மீதி ஒரு வீசம் அப்பட்டமான உண்மை. ஒரு மனுஷிக்கு அதுவே தாராளம்.

கடை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி, ஒரு ருத்ராட்சக் கடைக்கும் ஒரு பழச்சாறுக் கடைக்கும் நடுவே பத்துக்குப் பத்தில் இருக்கிறது. அவளுக்கு வயது நாற்பத்தாறு. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறாள். மூக்குக் கண்ணாடி கழுத்துக் கயிற்றில் தொங்கும். மேசைமேல் ஒரு சவரத் தூரிகை. தூசி தட்ட அதைவிட நல்ல ஆயுதம் இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவள் கட்சி. சுவரில் அவளே எழுதி ஒட்டிய அட்டை: 'கற்பூரம், விபூதி, டீ மூன்றும் மேசைக்கு அந்தப் பக்கம்.'

வாடிக்கையாளர்களுக்குக் குறைவில்லை. இந்த ஊரில் வீட்டைத் துறந்தவர் உண்டு, மனைவி மக்களைத் துறந்தவர் உண்டு, செருப்பைக்கூடத் துறந்தவர் உண்டு. மடிக்கணினியைத் துறந்தவரைத்தான் இதுவரை யாரும் பார்த்ததில்லை. வெள்ளைத் துணி உடுத்திய அயல்நாட்டுக்காரர்கள் அதைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களோடும் அவள் தமிழில்தான் பேசுவாள். "ஜாஸ்தி தெறந்து வெச்சிருக்கீங்க, கம்மி பண்ணுங்க" என்று அவள் கையைக் காட்டினால், ஏதோ உபதேசம் கிடைத்ததுபோல அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவள் இந்தத் தொழிலைக் கற்றதற்கு ஊரில் மூன்று கதைகள் உண்டு. அதில் ஒன்றில் ஒரு சாமியார்கூட வருகிறார். நடந்தது இதுதான். பிளஸ் டூ முடித்து, தட்டச்சு நிலையத்தில் கணினி வகுப்பும் முடித்து, ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். விடுதிக் கணினி வாரத்துக்கொருமுறை படுத்துக்கொள்ளும். எழுப்ப வேலூரிலிருந்து ஆள் வரவேண்டும். மூன்று நாள் கழித்து வருகிறவன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டுப் போவான். கூடவே விருந்தினர் பதிவுகள் மொத்தமும் போய்விடும். நான்காவது முறை அவன் வந்தபோது வெள்ளையம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். ஐந்தாவது முறை அவன் வரவேண்டிய தேவையிருக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த வெறுப்பு இன்றைக்கும் போகவில்லை. யாராவது வாசலில் நின்று, "ஃபார்மேட் பண்ணிடுங்கக்கா, ஃபாஸ்ட் ஆயிடும்" என்றால் போதும்.

"தல வலிக்குதுன்னு வந்தவனுக்கு மொட்டை அடிச்சி அனுப்புறதுதான் ஃபார்மேட்டு. வலி எங்க போச்சி? மயிருதான் போச்சி. உக்காருங்க."

படங்களை அழித்துவிட்டு வருகிறவர்களுக்கு வேறு பாடம். இயந்திரம் மெதுவாகிவிட்டதென்று மகள் கல்யாணப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு, அப்படியும் வேகம் வராமல், அழாத குறையாக வந்து நிற்பார்கள். "அது பீரோங்க. மெமரின்றது சமையல் மேடை. மேடை மேல நாப்பது பாத்திரத்த பரப்பிட்டு பீரோவ காலி பண்ணா, தோசை ஊத்த எடம் வருமா?" ஒரு விடுதி மேலாளர் பாதுகாப்புக்காக மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஒரே இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, திரை நகரவில்லை என்று வந்தார். வெள்ளையம்மாள் இரண்டைக் கழற்றிக் கடாசினாள். "ஒரே கேட்ல மூணு வாச்மேன நிக்க வெச்சா திருடன எவன் பாப்பான்? ஒருத்தன ஒருத்தன் நிறுத்தி நீ யாரு, நீ யாருன்னு கேட்டுக்கினு இருப்பான்."

ஆனால் இதெல்லாம் பேச்சு. அவளுடைய வேலை பேச்சில் இல்லை. இயந்திரத்தை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லும் பழக்கம் அவளிடம் கிடையாது. உடையவரையே நாற்காலியில் உட்கார வைப்பாள். "நீங்க வூட்ல இன்னா பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பாள். கால் மணி நேரம், சில சமயம் அரை மணி. உடையவர் எதைத் திறக்கிறார், எதை மூட மறக்கிறார், சின்ன வட்டம் சுழலும்போது எத்தனை தடவை பொறுமையில்லாமல் சொடுக்குகிறார் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. கோளாறு பாதி நேரம் இயந்திரத்தில் இருக்காது, அதைத் தொடும் விரலில்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு. இன்னொரு விதியும் உண்டு. தேவையில்லாமல் திறந்து கிடப்பதை அவள் மூடமாட்டாள். யார் திறந்தார்களோ அவர்களை விட்டே மூடச் செய்வாள். "நான் மூடுனா நாளைக்கே தெறந்துடுவீங்க. உங்க கையால மூடுனாதான் கைக்கு ஞாபகம் இருக்கும்."

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவளுக்கு அறுவடைக் காலம். கலப்பைக்கும் கத்திக்கும் வண்டிக்கும் பொட்டு வைக்கும் கை மடிக்கணினியை மட்டும் விட்டுவிடுமா? மூடியில் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் பக்தி கூடிய வீடுகளில் நாலு பக்கமும் வைப்பார்கள். குழைத்த சந்தனம் காற்றுப் போகும் துளைக்குள் வழிந்து, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். உள்ளே விசிறி முக்கி முனகிச் சுற்றும். சூடு தாங்காமல் இயந்திரத்தின் மூளையான செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நடுங்கும்.

"மூக்குங்க இது, மூக்கு! மூக்குல சந்தனத்த அடைச்சா எது மூச்சு வுடும்?" என்று அந்த வாரம் முழுக்க அவள் கத்திக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் அந்த வாரத்தில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பேருந்தேறி ஒரு தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். தாய் சந்திரம்மாளுக்கு முட்டி வலி; கடைப் படியில் ஏற இரண்டு முறை நின்றாள். மகள் கவிநிலா இஞ்சினியரிங் முடித்து இரண்டு வருஷமாகத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறவள்.

"அக்கா, ரெண்டரைக்கு டெஸ்ட்டு," என்றாள் கவிநிலா, வணக்கம்கூடச் சொல்லாமல். "சென்னை கம்பெனி. வூட்லேருந்தே வேலை. போன வாரமே எழுதினேன். இருவதாவது கேள்வியில லேப்டாப்பு அப்படியே நின்னுடுச்சி. மெயில் போட்டுக் கெஞ்சி இன்னொரு சான்ஸ் வாங்கியிருக்கேன். இதுவும் நின்னா இனிமே அடுத்த வருஷம்தான்னு சொல்லிட்டாங்க."

வெள்ளையம்மாள் ஒன்றும் கேட்காமல் உள்ளங்கையைக் கொடுத்தாள். பத்து எண்ணவில்லை, நாலிலேயே கையை எடுத்துவிட்டாள். அவ்வளவு சூடு. திருப்பிப் பார்த்தாள். நாலு பக்கமும் பொட்டு. காற்றுத் துளையில் சந்தனம் கல்லாகக் கிடந்தது.

"பூஜை யாரு போட்டது?"

"நான்தாம்மா," என்றாள் சந்திரம்மாள். "அவ படிப்புக்கு இதானே எல்லாம்."

"அதான் மூக்கையும் சேத்துப் பூசிட்டீங்க. ஒரு மணி நேரம். அவ்ளோதான் வெஷயம், பாப்பா. பயப்படாத."

திருகுகள் அவிழ்ந்தன, சவரத் தூரிகை புகுந்தது, சந்தனம் பொடியாக உதிர்ந்தது. முன்னால் வந்து காத்திருந்த இருவரை, வழக்கத்துக்கு மாறாக, அவள் நாளைக்கு வரச் சொன்னாள். அவர்கள் முனகிக்கொண்டே போனார்கள். ஒரு மணிக்கு இயந்திரத்தை மூடி, உயிர்கொடுத்து, கையை வைத்தாள். சூடு இறங்கியிருந்தது. விசிறி பூனைபோல மூச்சு விட்டது. வெள்ளையம்மாள் திருப்தியாகத் திரையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

செயலி தொண்ணூற்றேழு சதவிகிதம். நினைவகம் தொண்ணூற்றைந்து.

அவள் தப்புச் சொல்லிவிட்டாள். அப்படி நடப்பது அபூர்வம். நடந்தால் அதை ஒத்துக்கொள்ள அவள் ஒரு நிமிஷமும் எடுத்துக்கொள்வதில்லை; இந்த ஒரு குணத்துக்காகவே அவளைக் கும்பிடலாம்.

"சந்தனம் ஒரு பாதிதான். வேற எவனோ உள்ள உக்காந்து தின்னுக்கினு இருக்கான். பாப்பா, உக்காரு. டெஸ்ட்டு எழுத உக்காருற மாதிரியே உக்காரு."

கவிநிலா உட்கார்ந்தாள். அவள் திறந்து வைத்திருந்தவை மொத்தமே மூன்று பக்கங்கள். ஒவ்வொன்றாக மூடினாள். எண்கள் இறங்கவில்லை. திரையில் அம்புக்குறி தேனில் விழுந்த எறும்புபோல ஊர்ந்தது. மணி ஒன்று பத்து. கவிநிலாவின் காது மடல் சிவந்துவிட்டது.

வெள்ளையம்மாள் உரித்த கடலையை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் மேலே, நீல நிறக் குறி போட்ட ஓர் உலாவி. அதன் பெயரைத் தொட்டால், அடியில் வரிவரியாக இறங்கிக்கொண்டே போயிற்று.

"இது யாரு தெறக்குறது?"

"நான் அத தொடவே மாட்டேன்க்கா. லேப்டாப்போடயே வந்ததுன்னு வுட்டுட்டேன்."

"வூட்ல வேற யாரு கை வெப்பாங்க?"

"யாரும் இல்லியே. மாமா இளஞ்செழியன் ஒருக்கா வந்தப்ப ஏதோ பண்ணாரு. அவ்ளோதான்."

வெள்ளையம்மாள் திரையைப் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த சந்திரம்மாளின் கையைப் பார்த்தாள். அந்தக் கை, மஞ்சள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் காய்ச்சலைப் பத்து எண்ணிக்கையில் கண்டுபிடிப்பவளுக்கு இதற்கு ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை.

"பாப்பா, எதிர் மெஸ்ல போயி ஒரு சாப்பாடு சாப்ட்டு வா. பசியோட டெஸ்ட்டு எழுதாத. அரை மணி நேரம் உன்னால இங்க ஒண்ணும் ஆவப்போறதில்ல."

"அம்மாவும்..."

"அம்மா இருக்கட்டும். ஒரு கையெழுத்து வேணும்."

கையெழுத்து எதற்கு என்று கேட்கத் தோன்றாமல் கவிநிலா சாலையைக் கடந்து போனாள். வெள்ளையம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"வாங்கக்கா. தெனம் காலைல இன்னா பண்ணுவீங்களோ, அதப் பண்ணுங்க. நான் இங்க இல்ல."

சந்திரம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒற்றை விரலால் திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தை இரண்டு முறை தட்டினாள். வட்டம் சுழன்றது, சுழன்றது. அப்புறம் திரை நிறைய அண்ணாமலை வந்து நின்றது. ஏதோ ஒரு மாடியில் வைத்த கேமரா, இரவும் பகலும் மலையை மட்டுமே நேரலையில் காட்டும் பக்கம் அது. சந்திரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உதடு அசைய எதையோ சொன்னாள். பிறகு விரல் வலது மேல் மூலைக்குப் போய், பெருக்கல் குறியைத் தொடாமல், பக்கத்தில் இருந்த கழித்தல் குறியைத் தொட்டது. மலை சுருங்கி அடிவரிசையில் போய் உட்கார்ந்தது.

"அது ஏன் அத அமுக்குறீங்க? இதத்தானே அமுக்கணும்?"

"அய்யய்ய! அது மூடுறதாச்சே. சாமிய நாம மூடலாமா?" சந்திரம்மாள் உண்மையாகவே திடுக்கிட்டாள். "ஓரமா உக்காரட்டும்னு இத அமுக்குவேன். தம்பி இளஞ்செழியன்தான் சொல்லிக் குடுத்தான், ரெண்டு தட்டுத் தட்டுனா மலை வரும்னு. முட்டி போனதுலேருந்து கிரிவலம் வர முடியல. இவளுக்கு வேலை கெடைக்கணும்னு ஒரு மண்டலம் வேண்டிக்கினேன். நாப்பத்தெட்டு நாள், பச்சத் தண்ணி பல்லுல படறதுக்கு முன்னாடி மலைய பாக்கறதுன்னு. இவ எழுந்துக்கறதுக்கு முன்ன பாத்துட்டு வெச்சிடுவேன். இன்னிக்கு நாப்பத்தொண்ணு. காலைல இவ முன்னாடியே எழுந்துட்டா, இப்பதான் பாக்கறேன்."

வெள்ளையம்மாள் அம்புக்குறியை அடிவரிசையின் நீலக் குறிமேல் கொண்டுபோய் நிறுத்தினாள். திரை ஒரு விநாடி யோசித்தது. அப்புறம் பரப்பியது.

மலை. மலைக்குப் பக்கத்தில் மலை. அதன் கீழே மலை. மெய்யாகவே திரை கொள்ளவில்லை. தபால்தலை அளவில் வரிசை வரிசையாக அண்ணாமலை. சில சன்னல்களில் படம் அந்தந்த நாளிலேயே உறைந்து போயிருந்தது. ஒன்றில் விடியாத இருட்டு. ஒன்றில் தோள்வரை மேகம். ஒன்றில் உச்சிக்கு மேல் பௌர்ணமி. ஒன்றில் மழை கண்ணாடியில் வழிந்து மலையே கரைந்திருந்தது. அணைத்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்தே, விட்ட படத்தோடே எல்லாவற்றையும் மறுபடி திறக்கும்படி அந்தத் தம்பி அக்கறையாக அமைத்துக் கொடுத்திருந்தான். ஆக, நாற்பத்தொரு நாளாக ஒரு மலையும் இறங்கவே இல்லை.

சந்திரம்மாளுக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் புத்தி உண்டு. தொண்ணூற்றைந்து என்ற எண்ணைப் பார்த்தாள், மலைகளைப் பார்த்தாள், வெள்ளையம்மாளைப் பார்த்தாள்.

"இதனாலயா நின்னுச்சி, போன வாரம்?"

வெள்ளையம்மாள் உள்ளங்கைக் கடலையை மேசைமேல் கொட்டினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"அவளுக்காக வேண்டுனது அவ கழுத்தையே புடிச்சிடுச்சா?" என்றாள் சந்திரம்மாள்.

"அக்கா, இங்க பாருங்க. பௌர்ணமி அன்னிக்கு தேரடி வீதில பஸ்ஸு நகருதா? நகரல. அதுக்கு பஸ்ஸு மேல தப்பா, சாமி மேல தப்பா? கூட்டம் சேந்துடுச்சி, அவ்ளோதான். கொஞ்சம் கலைக்கணும்."

"மண்டலம் முடியலியேம்மா. இன்னும் ஏழு நாள் இருக்குது. நடுவுல மூடுனா..."

"கோயில்ல நடை சாத்துறாங்களா இல்லியா?"

"சாத்துவாங்க."

"காலைல தெறப்பாங்களா இல்லியா?"

"தெறப்பாங்க."

"சாத்துனதுக்கு அண்ணாமலையாரு கோச்சிக்கினு வேலூருக்கா போயிட்டாரு? நாப்பது நாளா நீங்கதான் நடைய சாத்தவே வுடல. அவருக்கும் தூக்கம் வேணாமா?"

சந்திரம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் பைக் காதை விட்டுவிட்டாள்.

ஒரே சொடுக்கில் நாற்பத்தொன்றையும் காலிசெய்துவிட வெள்ளையம்மாளுக்குத் தெரியும். மணி ஒன்று முப்பத்தைந்து. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "இந்தப் பெருக்கல் குறி. ஒவ்வொண்ணா. நீங்களே சாத்துங்க" என்றாள்.

சந்திரம்மாள் சாத்தினாள். முதல் மலை. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றாள், மலை போயிற்று. அடுத்தது. "அரோகரா." மேகம் மூடிய மலை போயிற்று. மழை மலை போயிற்று. பௌர்ணமி மலைக்கு மட்டும் இரண்டு அரோகரா. பத்து முடிந்தபோது அம்புக்குறி நடக்க ஆரம்பித்தது. இருபதில் ஓடியது. முப்பதில் விசிறிச் சத்தமே கேட்கவில்லை. வெள்ளையம்மாள் திரையின் ஓரத்தில் இறங்கும் எண்ணைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக, அவசரப்படுத்த ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றாள். வாய் நிறையப் பேச்சு வைத்திருப்பவள் இருபது நிமிஷம் சும்மா நின்றது செங்கம் சாலை வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

கடைசி வரிசை நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துப் பழச்சாறுக் கடையில் மிக்சி அலறியது. வெள்ளையம்மாள் வாசலுக்குப் பாய்ந்தாள்.

"டேய் பிரகாஷு! ரெண்டரைலேருந்து நாலு வரைக்கும் அந்தப் பேய நிறுத்தி வெய்யி. இங்க ஒரு பொண்ணு டெஸ்ட்டு எழுதப்போவுது."

"யக்கா, யாவாரம்?"

"எலுமிச்சம்பழத்த கையால பிழி. கை இருக்குதுல்ல?"

அவள் திரும்பி வந்தபோது சந்திரம்மாள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரை வெறுமையாக இருந்தது. செயலி பதினொன்று. நினைவகம் நாற்பத்திரண்டு.

சாலையைக் கடந்து வந்த கவிநிலா எண்களைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றாள். "இன்னாக்கா பண்ணீங்க?"

"சந்தனம்," என்றாள் வெள்ளையம்மாள், இமை கொட்டாமல்.

"அத அப்பவே எடுத்துட்டீங்களே?"

"உள்ள இன்னும் இருந்துச்சி. கேள்வி உன்ன கேக்கப்போறாங்களா, என்னையா? சுவத்துப் பக்கம் முதுக போட்டு உக்காரு."

தேர்வு எழுதும் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே கடைக்காரி தன் கடையை விட்டு வெளியேறினாள். இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கி, வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒன்றில் சந்திரம்மாளை உட்கார வைத்து, மற்றதில் தான் காவல் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி உடுத்திய அயல்நாட்டுக்காரர் ஒருவர் மடிக்கணினியை அணைத்துக்கொண்டு வந்தார். வெள்ளையம்மாள் கடையைக் காட்டி உதட்டில் விரலை வைத்து, "மௌன விரதம்" என்றாள். அவர் கடையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஒன்றரை மணி நேரமும் செங்கம் சாலையில் ஒரு பேருந்துகூட ஒலியெழுப்பவில்லை என்று இனிமேல் சொல்லப்படும். எழுப்பின, பதினேழு. ஒவ்வொன்றுக்கும் சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளையம்மாள் ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரின் வம்சத்தை வாய்க்குள்ளேயே விசாரித்தாள்.

நான்கு அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் இரும்புக் கதவு மேலே போயிற்று. கவிநிலா நின்றாள். முகத்தில் என்ன இருக்கிறதென்று படிக்க முடியவில்லை.

"நின்னுச்சா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"நிக்கல. அறுவது கேள்வியும் போயிடுச்சிக்கா. எல்லாம் பதிவாயிடுச்சின்னு வந்துடுச்சி. வெள்ளிக்கெழம சொல்லுவாங்களாம்."

சந்திரம்மாள் பெருமூச்சு விட்டாள். அடுத்த கடையில் மிக்சி விழாக்கால மேளம்போல முழங்கியது. பிரகாஷ் எல்லோருக்கும் சாத்துக்குடிச் சாறு கொண்டுவந்து நீட்டினான்.

"இன்னாக்கா அப்படி கோளாறு? வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டுப் பாத்தீங்க?"

வெள்ளையம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "சந்தனம்டா. பாத்ததும் சொல்லிட்டேன். அப்படியே பாறை மாதிரி. இந்தக் கைப்புடி சந்தனம் எடுத்தேன். அத வெச்சி ஒரு வூட்டுக் கல்யாணத்துக்கே..."

"சந்தனம் இல்லக்கா," என்றாள் கவிநிலா.

வெள்ளையம்மாளின் கை காற்றில் நின்றது.

"டெஸ்ட்டு முடிஞ்சதும் அந்த நீல ப்ரவுசரோட ஹிஸ்டரிய பாத்தேன். நாப்பத்தொரு நாளு. இன்னிக்கு தவிர தெனம் காலைல அஞ்சு இருவது." அவள் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, பழச்சாற்றைப் பார்த்துச் சொன்னாள். "நாப்பது மூடியிருக்குது. இன்னிக்குது மட்டும் இன்னும் தெறந்துதான் இருக்குது. நான் எழுதுன அவ்ளோ நேரமும் அது பின்னாடியே இருந்துருக்குது."

சந்திரம்மாள் எதிரே சாலையில் போகும் ஆட்டோவை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரையில் சாயங்கால வெயில் படிந்த மலை. சார்ஜர் வயரைப் பிடுங்கி, சுருட்டி, மஞ்சள் பையில் போட்டாள். மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்து, மூடியை இறக்காமல், அப்படியே சந்திரம்மாளின் மடியில் வைத்தாள். "நடை சாத்துறப்ப நீங்களே சாத்துங்க."